தாய்லாந்தில் வெளிநாட்டுத் தொண்டு ஊழியராக இருந்தவர்கள் யாராவது உண்டா? வாழ்க்கை எப்படி இருக்கும்?

நான் இருந்தேன். 2016 ஜூன் முதல் 2019 ஏப்ரல் வரை. கேட்டவர் கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: "ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் போனால் உபயோகமாக இருக்குமா?" முதல் கேள்விக்கு நீளமாகவே சொல்கிறேன். இரண்டாவதுக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் இருந்த இடம் சங்க்லபுரி. காஞ்சனபுரி மாகாணத்தின் வடமேற்கு மூலை. பெயரைக் கேட்டதும் காஞ்சிபுரம் பக்கம் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். பாங்காக்கில் காலையில் கிளம்பினால் சாயங்காலம் போய்ச் சேரலாம். அங்கிருந்து அரை மணி நேரத்தில் மூன்று பகோடா கணவாய், தாண்டினால் மியான்மர். ஒரு பெரிய நீர்த்தேக்கம், அதன் ஒரு கரையில் தாய்லாந்துக்காரர்களும் கரேன் இனத்தவரும், மறு கரையில் மோன் இன மக்கள், நடுவே தாய்லாந்திலேயே நீளமான மரப்பாலம். 1980களில் அணை கட்டியபோது பழைய ஊர் தண்ணீருக்குள் போய்விட்டது. கோடையில் நீர் வற்றும்போது பழைய கோயிலின் சுவர்கள் மேலே தெரியும். 2013 ஜூலை வெள்ளத்தில் மரப்பாலத்தின் நடுப்பகுதி அடித்துக்கொண்டு போனபோது, ஊர்க்காரர்களே மூங்கிலைக் கட்டி மிதவைப் பாலம் போட்டு நடந்தார்களாம். நான் போன சமயம் மரப்பாலம் சரியாகியிருந்தது. ஆனால் அந்த மூங்கில் கதையை எனக்குச் சொல்லாத ஆள் ஊரில் கிடையாது.

என் வேலை ஒரு சின்ன மாணவர் விடுதியில். மலைக் கிராமங்களிலிருந்து வந்த முப்பத்து சொச்சம் பிள்ளைகள் அங்கே தங்கி அரசுப் பள்ளிக்குப் போவார்கள். நான் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தர வேண்டும், நன்கொடையாளர்களுக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வேண்டும். மாதம் 9,000 பாட் தந்தார்கள். அப்போது ஒரு பாட் ஏறத்தாழ இரண்டு ரூபாய். அறை வாடகை 2,500. மிச்சத்தில் தாராளமாகச் சாப்பிடலாம், சேமிக்க முடியாது. பணத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

தொண்டு நிறுவனத்துக்குத் தாய்லாந்து மொழியில் 'மூல்நிதி' என்பார்கள். எழுத்தில் பார்த்தால் நம்ம மூலநிதியேதான். ஆசிரியர் 'க்ரூ', அதாவது குரு. புண்ணியம் 'புன்'. இப்படிச் சொல்லுக்குச் சொல் சொந்தம் தெரிந்ததும் மொழி சுலபம் என்று நினைத்துவிட்டேன். பெரிய தப்பு. தாய்லாந்து மொழியில் குரலின் ஏற்ற இறக்கம்தான் எல்லாம். 'மா' என்று சமமாகச் சொன்னால் வா. குரலைக் கீழிருந்து மேலே இழுத்தால் நாய். நமக்கோ எதற்கெடுத்தாலும் வாய் தானாக "ஏன்மா?" "என்னம்மா?" என்றுதான் வரும், அதுவும் கேள்வியாக, கடைசியில் இழுத்து. ஒரு வாரம் முழுக்க விடுதிப் பெண் பிள்ளைகளை நாய் நாய் என்று கூப்பிட்டிருக்கிறேன். இன்னொரு கூத்து: நான் மொழி கற்றது சமையலறையில், பெண்களிடம். பெண்கள் வாக்கியத்தை மரியாதையாக 'கா' என்று முடிப்பார்கள், ஆண்கள் 'க்ராப்' என்று முடிக்க வேண்டும். நான் ஒரு மாதம் 'கா' போட்டே பேசியிருக்கிறேன். பள்ளித் தலைமையாசிரியரிடம்கூட. யாரும் திருத்தவில்லை.

ஏன் திருத்தவில்லை என்பதில்தான் அங்கத்திய வாழ்க்கையின் பாதி இருக்கிறது. 'கிரெங் ஜாய்' என்று ஒரு சொல். அடுத்தவர் மனம் சங்கடப்படக் கூடாது, அவருக்கு நாம் தொந்தரவாகிவிடக் கூடாது என்று ஒதுங்கும் குணம். நம்ம ஊர்க் கூச்சமும் இல்லை, பயமும் இல்லை, ஆனால் இரண்டும் கொஞ்சம் கலந்திருக்கும். வந்த முதல் மாதம் நான் ஒரு யோசனை சொன்னேன்: தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு, பக்கத்துக் குடியிருப்புப் பிள்ளைகளையும் சேர்த்துக் கணக்கு வகுப்பு. கூட்டத்தில் எல்லோரும் "நல்லது, நல்லது" என்றார்கள். நான்கூட வெள்ளைப் பலகை வாங்கி மாட்டிவிட்டேன். முதல் நாள் இரண்டு பேர். இரண்டாம் நாள் ஒருத்தன். மூன்றாம் நாள் நானும் பலகையும். மறுபடி கூட்டம் போட்டுக் கேட்டேன். "நல்ல வகுப்பு, பிள்ளைகள் வருவார்கள்" என்றார்கள். வரவில்லை.

மூன்று வாரம் கழித்து விடுதிச் சமையல்காரம்மா, 'பா' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம் (பெரியம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள்), வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "க்ரூ, ஐந்து மணிக்கு உனக்குக் களைப்பாக இருக்காதா?" இல்லையே பா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "ரப்பர் தோட்டத்துக்குப் போகிறவர்கள் நடுராத்திரி எழுந்துவிடுவார்கள்" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "அவர்கள் வீட்டில் ஆறு மணிக்கே சாப்பாடு" என்றாள். அவ்வளவுதான். அப்புறம்தான் மண்டையில் ஏறியது: அப்பா அம்மா நடுராத்திரி ரப்பர் பால் எடுக்கப் போகிறவர்கள். ஐந்து மணிக்குப் பிள்ளைகள்தான் சோறு பொங்க வேண்டும், தம்பி தங்கையைக் குளிப்பாட்ட வேண்டும். ஊருக்கே தெரிந்த விஷயம். என்னைத் தவிர. வகுப்பை ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மாற்றினேன், பதினைந்து பேர் வந்தார்கள். அதற்குப் பிறகு நான் எந்தக் கூட்டத்திலும் யோசனை சொன்னதில்லை. வாழைத்தண்டு நறுக்கும் நேரத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

வாழைத்தண்டு என்றதும் ஞாபகம் வருகிறது. மோன் மக்கள் அரிசி இடியாப்பம் மாதிரி ஒன்றின் மேல் மீன் குழம்பை ஊற்றிச் சாப்பிடுவார்கள், அந்தக் குழம்பில் வாழைத்தண்டு போடுவார்கள். பெண்கள் தலையில் சுமை தூக்கி நடப்பார்கள், சந்தனம் போலத் தனகா மரப்பட்டையை அரைத்துக் கன்னத்தில் பூசியிருப்பார்கள். ஊர் ஞாபகம் வந்து வாட்டும் என்று பயந்து போன எனக்கு, வாட்டியது கறிவேப்பிலை ஒன்றுதான். புளி தாராளமாகக் கிடைக்கும். ஒருநாள் ரசம் வைத்துக் கொடுத்தேன். பா ருசி பார்த்துவிட்டு "நன்றாக இருக்கிறது" என்று சொல்லி, நான் திரும்பிய நேரத்தில் மீன் சாறு இரண்டு கரண்டி ஊற்றிவிட்டாள். உண்மையைச் சொன்னால் மோசமில்லை.

என்னை ஊரில் 'கேக்' என்றார்கள். தின்கிற கேக் இல்லை. இந்தியர், அரபுக்காரர் எல்லோருக்கும் அங்கே அந்தப் பெயர். விருந்தாளி என்றும் பொருள். சில இடங்களில் கொஞ்சம் ஏளனமாகவும் வரும், அது சொல்கிறவர் குரலில் தெரிந்துவிடும். வெள்ளைக்காரத் தொண்டர்களுக்குக் கிடைக்கும் உபசாரம் நமக்கு முதல் நாளே கிடைக்காது. பதிலுக்கு, யாரும் நம்மைப் பணக்காரன் என்று நினைப்பதில்லை. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

சித்திரை ஒன்றும் அவர்களுடைய சோங்க்ரானும் ஒரே சமயம். ஏப்ரல் 13 முதல் 15 வரை தண்ணீர்த் திருவிழா. மோன் கோயிலில் ஆண்கள் வரிசையாகக் குப்புறப் படுப்பார்கள், மூத்த பிக்குகள் அவர்கள் முதுகின் மேல் நடந்து போவார்கள், பிறகு மூங்கில் குழாய்கள் வழியாகப் பிக்குகளுக்கு நீராட்டு. இரண்டாம் வருடம் நானும் படுத்தேன். பிக்கு எடை குறைந்தவர், என் அதிர்ஷ்டம்.

சரி, காகித விவகாரத்துக்கு வருவோம். இதைத்தான் பலரும் கண்டுகொள்வதில்லை. சம்பளம் வாங்காத தொண்டு என்றாலும் தாய்லாந்துச் சட்டப்படி அது வேலைதான், வேலை அனுமதி வேண்டும். சுற்றுலாவுக்கு வந்துவிட்டு "சும்மா பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறேன்" என்பது குற்றம். அபராதமும் உண்டு, நாடு கடத்தலும் உண்டு. என் காலத்தில் 'நான்-இமிகிரண்ட் ஓ' (Non-Immigrant O) விசா, அதன்மேல் நீல அட்டை போட்ட அனுமதிப் புத்தகம். அதில் தேதி புத்த வருடத்தில் இருந்தது, 2017 என்றால் 2560. இது போக 90 நாளுக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்தில் "இன்ன விலாசத்தில்தான் இருக்கிறேன்" என்று பதிய வேண்டும். தவறினால் 2,000 பாட் அபராதம். நான் அதற்காகக் காஞ்சனபுரி நகரத்துக்குப் போவேன், வேனில் நாலு மணி நேரம்.

அங்கே அலுவலகம் மதியம் மூடியிருக்கும் நேரத்தில் போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்து போவது வழக்கமாயிற்று. 1942-43இல் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதையில் இறந்த கைதிகள் கிட்டத்தட்ட 7,000 பேருக்கு அங்கே தனித்தனிக் கல், பெயர், வயது. மலேயாத் தோட்டங்களிலிருந்து அதே பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுச் செத்த தமிழர்கள் ஆயிரமாயிரம். அவர்களுக்கு அந்தத் தோட்டத்தில் ஒரு கல்லும் இல்லை. முதல் தடவை ஒவ்வொரு வரிசையாக நடந்து பார்த்தேன். அப்புறம் மர நிழலில் உட்கார்ந்து பொட்டலச் சோற்றைச் சாப்பிடுவதோடு சரி.

அந்தச் சாலையில், 323ஆம் எண் நெடுஞ்சாலை, எல்லைப் பகுதி என்பதால் சோதனைச் சாவடிகள் உண்டு. எங்கள் விடுதியில் எட்டாம் வகுப்புப் படித்த ஒரு பெண் கணக்கில் கெட்டிக்காரி. பக்கத்து மாகாணம் ராட்சபுரியில் ஒரு போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் பிறந்தது சங்க்லபுரியில்தான். ஆனால் அவளுக்குக் குடியுரிமை இல்லை. அடையாள எண் 13 இலக்கம், அது 0, 6, 7 என்று தொடங்கினாலே கதை வேறு. 2005இல் வந்த அமைச்சரவை முடிவால் காகிதம் இல்லாத பிள்ளைகளும் அரசுப் பள்ளியில் படிக்கலாம், அது பெரிய விஷயம்தான். ஆனால் மாகாணத்தைத் தாண்ட அனுமதிக் கடிதம் வேண்டும். எங்கள் கடிதத்தில் தேதியை யாரோ ஒரு நாள் தள்ளிப் போட்டிருந்தார்கள். சிப்பாய் என் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்து, கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பித் தந்தார். அவளை இறங்கச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். எங்கிருந்தோ வந்த நான் தாராளமாகப் போகலாம். அங்கேயே பிறந்தவள் போகக் கூடாது. இருவரும் இறங்கி, எதிர்ப்பக்கம் வேன் பிடித்துத் திரும்பினோம். வழியெல்லாம் அவள் பேசவில்லை. விடுதி வாசலில் "கிரெங் ஜாய், க்ரூ" என்றாள். எனக்கு வீண் அலைச்சல் கொடுத்துவிட்டாளாம்.

இனி இரண்டாவது கேள்வி. ஆறு மாதம் போனால் உபயோகமா?

யாருக்கு என்று கேட்பேன். அந்த ஊரில் தொண்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு கிராமத்திலும் 'ஓ-சோ-மோ' என்று சுகாதாரத் தொண்டர்கள் இருக்கிறார்கள், நாடு முழுக்கப் பத்து லட்சம் பேருக்கு மேல். நான் போன சமயம் அவர்களுக்கு அரசு தந்தது மாதம் 600 பாட். கொசுப்புழு இருக்கிறதா என்று தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்ப்பது, கிழவிக்கு ரத்த அழுத்தம் பார்ப்பது, குழந்தையை எடை போடுவது எல்லாம் பக்கத்து வீட்டு அக்காதான். எந்த வீட்டில் யார் குடிக்கிறான் என்பதுவரை அவளுக்குத் தெரியும். நமக்கு அது தெரிய இரண்டு வருடம் ஆகும்.

எங்கள் விடுதிக்கு இரண்டு வாரத் தொண்டர்களும் வருவார்கள். நல்ல பிள்ளைகள்தான். வந்த உடனே நிறங்களின் பெயரை ஆங்கிலத்தில் சொல்லித்தருவார்கள். ஒரே வருடத்தில் எங்கள் பிள்ளைகள் சிவப்பு, நீலம், மஞ்சளை ஐந்து முறை படித்தார்கள், ஐந்தாவது முறையும் புதிதாகக் கேட்பது போலவே உட்கார்ந்திருந்தார்கள். கிளம்பும் நாளில் சின்னக் குழந்தைகள் காலைக் கட்டிக்கொண்டு அழும், அவர்களும் அழுவார்கள், படம் எடுப்பார்கள். அழுத குழந்தையை அன்றிரவு தூங்க வைப்பது பா. அவளுக்கு ஒரு விஷயம் கடைசிவரை புரியவே இல்லை. அவர்கள் ஊரில் விடிகாலையில் பிக்குகள் வரிசையாக வருவார்கள், செருப்பைக் கழற்றிவிட்டுச் சோறு போட்டுவிட்டுக் கும்பிட வேண்டியது கொடுத்தவர். வாங்கிய பிக்கு நன்றி சொல்வதில்லை. ஒருமுறை நோட்டுப் புத்தகம் கொடுக்க வந்த குழு படத்துக்காக நின்றுகொண்டே இருந்தது. பா என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "கொடுத்தாயிற்று, புண்ணியமும் வந்தாயிற்று. இன்னும் எதற்கு நிற்கிறார்கள்?"

ஆகவே ஆறு மாதம் என்றால் பிள்ளைகளோடு நேரடியாகப் பழகும் வேலைக்குப் போகாதீர்கள். ஐ.டி. ஆள் என்றால் அலுவலக வேலைக்குப் போங்கள். கணக்கு எழுதும் மென்பொருள், நன்கொடைப் பதிவு, இந்த மாதிரி. எங்கள் விடுதியில் மூன்று வருடமும் யாரும் கேட்டு வராத வேலை அதுதான். தாய்லாந்து எழுத்தை இங்கேயே கற்றுக்கொண்டு போங்கள், மூன்று மாதம் போதும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் கடிதத்தில் தேதி தப்பாக இருப்பது சாவடிக்கு வருமுன்பே கண்ணில் படும்.

அந்தப் பெண்ணின் கதையை முடித்துவிடுகிறேன். 2019 மார்ச்சில் அவளுக்கு இன்னொரு தேர்வு, மறுபடி ராட்சபுரி. இந்தத் தடவை கடிதத்தை நான் எழுத்துக்கு எழுத்து வாசித்தேன், அவள் ஒரு தடவை, பா ஒரு தடவை. சாவடியில் சிப்பாய் அவள் கடிதத்தைப் பார்த்தார், சரி என்று தலையாட்டினார். என்னிடம் பாஸ்போர்ட் கேட்டார். பையைத் துழாவினேன். கடிதத்தைச் சரிபார்க்கும் மும்முரத்தில் பாஸ்போர்ட்டை மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். என்னை இறங்கச் சொன்னார்.

அவளும் இறங்கினாள். சிப்பாயிடம் இரண்டு நிமிடம் மளமளவென்று பேசினாள், பாதிதான் எனக்குப் புரிந்தது: "எங்க க்ரூ, மூன்று வருடமாக எங்கள் விடுதியில் இருக்கிறார், நான் பொறுப்பு." சிப்பாய் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார், ஏறச் சொன்னார். வேனில் உட்கார்ந்ததும் அவள் தன் அடையாள அட்டையை எடுத்துக் காட்டி, "நான் இதை மறந்ததே இல்லை, க்ரூ" என்றாள்.