மறுமணம் பண்ணிக்கிட்டா பிள்ளையோட ஜீவனாம்சம் நின்னுடுமா?

கேள்வி: வணக்கம் மேடம், எனக்கு டைவர்ஸ் ஆகி நாலு வருஷம் ஆச்சு, பையனுக்கு 9 வயசு, என்கூடதான் இருக்கான். கோர்ட்ல எனக்கு இவ்வளவு பையனுக்கு இவ்வளவுன்னு தனித்தனியா ஜீவனாம்சம் போட்டாங்க. போன வருஷம் நான் மறுமணம் பண்ணிக்கிட்டேன். அதுல இருந்து அவர் "உன் புது வீட்டுக்காரர் நல்லா சம்பாதிக்கிறார், ஜாயின்ட் அக்கவுண்ட் வேற வச்சிருக்கீங்க, இனிமே நான் எதுக்குத் தரணும்"னு சொல்லி 7 மாசமா ஒண்ணுமே போடல. கேக்கவே கூச்சமா இருக்கு. என்ன பண்ணலாம்? (பெயர் வேண்டாம்)

பதில்: முதல்ல அந்தக் கூச்சத்தை விடுங்கம்மா, நீங்க உங்களுக்காகக் கேக்கல. உங்க பேர்ல வந்துட்டிருந்த தொகை வேற, பையன் பேர்ல வந்துட்டிருந்தது வேற. மறுமணம் ஆனா உங்க தொகையை நிறுத்தச் சொல்லி அவர் கோர்ட்டுக்குப் போகலாம், இந்து திருமணச் சட்டம் 25-வது பிரிவுல அதுக்கு இடம் இருக்கு. ஆனா பையனோடது அப்பா மகன் உறவுல வர்றது, அந்த உறவு டைவர்ஸ்லயும் முடியல உங்க கல்யாணத்துலயும் முடியாது. உங்க இப்போதைய கணவர் பையனை சட்டப்படி தத்து எடுத்தாதான் கதை மாறும், அப்போ பெத்த அப்பாவோட பொறுப்பு போயிடும், அதனால பாசத்துல அவசரப்பட்டு தத்துப் பத்திரம் எதுலயும் கையெழுத்து போடாதீங்க, நல்லா யோசிச்சு செய்யுங்க.

அந்த 7 மாச பாக்கியை தள்ளிப் போடவே போடாதீங்க. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட (CrPC) 125-வது பிரிவு, அதாவது 2024 ஜூலை 1-ல இருந்து அதுக்குப் பதிலா வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தோட 144-வது பிரிவு, இதுல ஆர்டர் வாங்கியிருந்தா பாக்கி விழுந்த ஒரு வருஷத்துக்குள்ள வசூல் மனு போடணும். எத்தனையோ பேர் "பாவம் கொடுப்பார் கொடுப்பார்"னு காத்திருந்து பழைய மாசங்களை அப்படியே இழந்துட்டு வந்து நிப்பாங்க, எனக்கு மனசு ஆறவே ஆறாது.

ஜாயின்ட் அக்கவுண்ட் விஷயம். 2020 நவம்பர்ல ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னதுக்கு அப்புறம் ரெண்டு பக்கமும் வருமானம் சொத்து கடன் எல்லாத்தையும் அஃபிடவிட்ல (பிரமாணப் பத்திரத்துல) காட்டணும், அதனால அக்கவுண்டை மறைக்காதீங்க, மறைச்சாதான் சந்தேகம் வரும். உங்க சம்பளத்தைக் கணக்குல எடுப்பாங்க, அது நியாயம், பிள்ளையை வளக்குறது ரெண்டு பேரோட கடமை. ஆனா உங்க கணவர் சம்பளம் பெத்த அப்பாவோட பங்குக்கு ஈடாகாது. சிக்கல் எங்கன்னா எல்லாப் பணமும் ஒரே அக்கவுண்ட்ல கலந்து கிடந்தா எது யாரோடதுன்னு சொல்ல முடியாது. பையனுக்கு வர்ற தொகைக்குன்னு தனி அக்கவுண்ட் வைங்க. ஒரு அம்மா என்கிட்ட ஒரு பழைய கோடு போட்ட நோட்டு கொண்டு வந்தாங்க, ஸ்கூல் ஃபீஸ், கண்ணாடி மாத்தினது, ஷூ ஒரு சைஸ் பெருசா வாங்கினது எல்லாம் தேதியோட, பக்கத்துலயே ரசீது பின் பண்ணி. வாதாடவே வேண்டியிருக்கல.

கேள்வி: நான் ரெண்டாவது கல்யாணம் பண்ணி ஒரு குழந்தை இருக்கு. மனைவியும் வேலைக்குப் போறாங்க, வீட்டுக் கடனை சேர்ந்து கட்டுறோம். முதல் கல்யாணத்துப் பொண்ணுக்குக் குடுக்குறதைக் குறைக்கலாமா? மனைவி சம்பளத்தையும் சேர்த்துக் கேப்பாங்களா?

பதில்: நீங்களா குறைக்காதீங்க தம்பி. சூழ்நிலை மாறிடுச்சுன்னு மேல சொன்ன சுரக்ஷா சன்ஹிதாவோட 146-வது பிரிவுல மனு போட்டு கோர்ட்தான் மாத்தணும், அதுவரை பழைய தொகை அப்படியே ஓடும். புதுக் குழந்தையோட செலவைக் காட்டலாம், ஆனா அதுக்காக மூத்த பொண்ணுக்கு ஒண்ணுமே இல்லைன்னு ஆகாது. மனைவி சம்பளத்துக்கு உங்க பொண்ணு உரிமை கேக்க முடியாது. அதே சமயம் கடன்ல பாதியை அவங்க கட்டுறப்போ முழு ஈஎம்ஐயையும் உங்க செலவுன்னு எழுதிக் குடுக்காதீங்க, பேங்க் ஸ்டேட்மென்ட் வந்தா முதல் பக்கத்துலயே தெரிஞ்சிடும், அப்புறம் நீங்க சொல்ற மத்ததையும் நம்ப மாட்டாங்க. கட்டாம விட்டா சம்பளத்தையே அட்டாச் பண்ணுவாங்க, அதாவது சம்பளத்துல இருந்தே பிடிச்சுக்குவாங்க, ஜீவனாம்சத்துக்கான கோர்ட் தீர்ப்புன்னா (டிக்ரி) சம்பளத்துல மூணுல ஒரு பங்குக்குதான் பாதுகாப்பு. மனு போடுற அன்னைக்கு பாக்கி இல்லாம போங்க, பொண்ணுக்குப் போட்ட கடைசி மாசப் பணம் வரைக்கும் பாஸ்புக்ல என்ட்ரி போட்டு கையோட எடுத்துட்டுப் போங்க.