ஸ்கீ மாட்டச் சுவர்ச் சட்டம்: வாங்கலாமா, செய்யலாமா?

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் இருந்தபோது குல்மார்கில் பனிச்சறுக்கு பழகியவர். இப்போது பிள்ளைகளும் போய் வருகிறார்கள். மூன்று ஜோடி ஸ்கீ வீட்டு மூலையில் சாய்ந்து நிற்கிறது, அடிக்கடி சரிந்து விழுகிறது. வெளிநாட்டு இரும்பு ரேக் ஒன்று ஆன்லைனில் வருகிறது. அதை வாங்கலாமா, ஆசாரியிடம் சொல்லிச் செய்துகொள்ளலாமா? எங்களுடையது பழைய கல் வீடு, சுண்ணாம்புப் பூச்சு.
— வாசகி, வெலிங்டன், நீலகிரி

பதில்: செய்துகொள்ளுங்கள் அம்மா. விலையை வைத்துச் சொல்லவில்லை, உங்கள் சுவரை வைத்துச் சொல்கிறோம்.

அமெரிக்காவில் பெரும்பாலான வீட்டுச் சுவருக்குள் 16 அங்குலத்துக்கு ஒரு மரச்சட்டம் நிற்கும். அங்கிருந்து வரும் ரேக்குகளில் பலவற்றுக்கு அந்த இடைவெளிக்கே துளை போட்டிருப்பார்கள். கூட வரும் ஸ்க்ரூவும் மரத்துக்கானது. கல் சுவரில் அந்தத் துளை கல்லின் மேல் விழுமா, இரண்டு கல்லுக்கு நடுவே சுண்ணாம்புச் சாந்தில் விழுமா என்று யாராலும் சொல்ல முடியாது. சாந்தில் விழுந்தால் டிரில் வைத்ததும் மாவாக உதிரும், நைலான் பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. ரேக்கின் துளையை நகர்த்தவும் வழியில்லை.

தனித்தனிக் கொக்கி வாங்கினால் வேறு சிக்கல். பைண்டிங்கோடு, அதாவது பூட்ஸைப் பிடிக்கும் பூட்டோடு, ஒரு ஜோடி ஸ்கீ சுமார் 7 கிலோ வரும். அந்தப் பாரம் சுவரிலிருந்து 8 செ.மீ. தள்ளித் தொங்குகிறது. கொக்கியின் தகடு சின்னது. மேல் ஸ்க்ரூவுக்கும் தகட்டின் அடி விளிம்புக்கும் 4 செ.மீ.தான் இருக்கும். 7-ஐ 8-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 14 கிலோ. அந்த ஒற்றை ஸ்க்ரூவை 14 கிலோ விசை சுவரிலிருந்து வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். அதற்குப் பதிலாக, ஸ்கீயைத் தாங்கும் மர முளைகள் செருகிய 14 செ.மீ. உயரப் பலகை வைத்து, அடியிலிருந்து 11 செ.மீ. உயரத்தில் மூன்று ஸ்க்ரூ போட்டால், பலகையின் தடிமனால் பாரம் 13 செ.மீ. தள்ளிப் போனாலும், மூன்று ஜோடிக்கும் சேர்த்து ஒரு ஸ்க்ரூவுக்கு 8 கிலோ சொச்சம்தான் வரும். அதைவிடப் பெரிய நன்மை, பலகையில் கல் எங்கே இருக்கிறதோ அங்கே துளை போட்டுக்கொள்ளலாம்.

பலகை 74 செ.மீ. நீளம், 14 செ.மீ. உயரம், 38 மி.மீ. கனம் இருக்கட்டும். சில்வர் ஓக் எஸ்டேட்டில் மலிவாகக் கிடைக்கும், ஆனால் வெட்டிய ஈரத்தோடு கொடுப்பார்கள். காய்ந்து சுருங்கும்போது முளை ஆடும், வண்டும் துளைக்கும். நன்றாகக் காய்ந்த பழைய தேக்குச் சட்டம், கதவு நிலை உடைத்த மரம் கிடைத்தால் அதை விடாதீர்கள்.

முளைகள் ஆறு. கடைசல் பட்டறையில் 25 மி.மீ. விட்டம், 22 செ.மீ. நீளத்தில் உருட்டித் தரச் சொல்லுங்கள். பலகைக்குள் போனது போக 18 செ.மீ. வெளியே நிற்கும். ஸ்கீ தலைப்பக்கம் 12, 13 செ.மீ. அகலம் இருப்பதால் இதற்குக் குறைத்தால் வெளிப்பக்கம் நழுவும். ஒரு ஜோடியின் இரண்டு முளைக்கும் நடுவே வெற்றிடம் 4 செ.மீ. வேண்டும், அதாவது துளை மையத்துக்கு மையம் 6.5 செ.மீ. அடிப்பக்கம் அடிப்பக்கத்தோடு ஒட்ட ஸ்கீயைச் சேர்த்து, முகப்புக்குக் கீழே ஒட்டியிருக்கும் கழுத்தை அந்த இடைவெளியில் செருகினால், மேலே இருபுறமும் விரியும் நுனிகள் முளையில் உட்கார்ந்துகொள்ளும். ஜோடிக்கு ஜோடி 22 செ.மீ. விடுங்கள். பைண்டிங் இருபக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும். நெருக்கினால் ஒன்றை எடுக்கும்போது இன்னொன்றில் மாட்டும். பலகையின் ஒரு ஓரத்திலிருந்து 15, 37, 59 செ.மீ. என்று மூன்று ஜோடிகளின் நடுக்கோடு குறித்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும்.

துளையை நேராகப் போடாமல் 5 டிகிரி சாய்வாகப் போட வேண்டும். முளையின் நுனி ஒன்றரை செ.மீ. மேலே தூக்கியிருந்தால் போதும். பலகையின் ஊடே துளைத்து, முளையின் பின்முனையில் வாளால் ஒரு கீறல் போட்டு, நீர் தாங்கும் மரப்பசை தடவி இறக்கி, பின்பக்கமிருந்து ஆப்பு அடிக்கச் சொல்லுங்கள். கீறல் செங்குத்தாக நிற்கிறதா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். படுக்கையாக வைத்து ஆப்பு அடித்தால் பலகை ரேகையோடு பிளந்துவிடும். முளைக்கு மேல் பழைய சைக்கிள் டியூபை ஒரு துண்டு வெட்டி மாட்டினால் ஸ்கீயின் மேற்பூச்சு கீறாது.

சுவரில் மாட்டும்போது முதலில் 4 மி.மீ. பிட்டால் துளைத்துப் பாருங்கள். வெள்ளையாக, சரசரவென்று மாவு கொட்டினால் சாந்து. இரண்டு விரற்கடை நகர்ந்துகொள்ளுங்கள். சாம்பல் நிறத் தூளாக, பிட் திணறித் திணறிப் போனால் கல். நீலகிரிக் கல் இறுகியது, சாதா டிரில் போதாது, ஹேமர் டிரில் வாடகைக்கு எடுங்கள். துத்தநாகப் பூச்சு ஸ்க்ரூவோடு வரும் 10 மி.மீ. ஃப்ரேம் பிளக், 120 மி.மீ. நீளத்தில் மேலே மூன்று, கீழே இரண்டு. நீளம் ஏன் என்றால் பலகை, பின்னால் வைக்கும் 1 செ.மீ. கட்டை, பூச்சு மூன்றும் சேர்ந்தே கிட்டத்தட்ட 7 செ.மீ. தின்றுவிடும். கல்லுக்குள் 5 செ.மீ.யாவது இறங்க வேண்டும்.

பின்னால் அந்த 1 செ.மீ. கட்டையை விட்டுவிடாதீர்கள், காற்று ஓட இடம் வேண்டும். உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை கொட்டும். கிழக்கு வெளிச்சுவர் ஊறிப்போகும். அதனால் உள்சுவரையே தேர்ந்தெடுங்கள். கணப்புக்குப் பக்கத்துச் சுவரும் வேண்டாம், சூட்டில் ஸ்கீயின் ஒட்டுப்பசை தளரும். உயரத்துக்கு ஒரு வழி: இருப்பதிலேயே நீளமான ஸ்கீயின் நீளத்தோடு 3 செ.மீ. கூட்டி அங்கே முளை வரட்டும். 170 செ.மீ. ஸ்கீயின் வால் தரையிலிருந்து ஒரு சாண் அளவுக்கு மேலே நிற்கும், வீடு துடைக்கும் தண்ணீர் படாது.

ரேக் எவ்வளவு நன்றாக அமைந்தாலும், ஓரத்து எஃகு விளிம்பில் துரு ஏறிவிட்டால் பயனில்லை. மாட்டும் முன் நன்றாகத் துடைத்து உலர்த்தி, அடிப்பக்கம் முழுவதும், விளிம்பையும் மூடும்படி, ஸ்கீ மெழுகை உருக்கிக் கனமாகப் பூசி அப்படியே விட்டுவிடுங்கள். அடுத்த முறை பனிக்குப் போகும்போது சுரண்டிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள், உள்ளே வியர்த்துத் துரு பிடிக்கும். நடுவில் பெல்ட் போட்டு இறுக்கவும் வேண்டாம், ஸ்கீயின் வில்வளைவு கெடும்.

கேள்வி: எங்கள் வீடு புதிதாக ஹாலோ பிளாக்கில் கட்டியது. சைக்கிளைச் சுவரில் செங்குத்தாக மாட்ட நினைத்து பிளக் அடித்தோம், பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.
— வாசகர், கொடைக்கானல்

பதில்: ஹாலோ பிளாக்கின் ஓடு 3 செ.மீ. சுற்றுதான். டிரில்லை ஹேமரில் வைத்தால் ஓட்டின் உட்பக்கம் பொரிந்து விழும், பிளக் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. உங்கள் வீட்டில் வாசல், ஜன்னலுக்கு மேல் 7 அடி உயரத்தில் லிண்டல் சுற்றிலும் ஓடுகிறதா என்று கட்டிய மேஸ்திரியிடம் கேளுங்கள். ஓடினால் கவலையில்லை. அது கெட்டிக் கான்கிரீட், சைக்கிளைத் தூக்கி மாட்டவும் ஏறத்தாழ அதே உயரம்தான் வேண்டும். லிண்டலின் உயரத்தில் நடுவாகத் துளைத்தால் அடிக்கம்பியில் முட்டாது. 10 மி.மீ. ஆங்கர் போல்ட் இரண்டில் ஒரு பலகை, அதில் ரப்பர் சுற்றிய கொக்கி. 15 கிலோ சைக்கிள் தாராளமாக நிற்கும்.

கேள்வி: வாடகை வீடு. ஆணி அடிக்கவே வீட்டுக்காரர் விடமாட்டார். ஒரு ஜோடி ஸ்கீதான்.
— வாசகர், கோத்தகிரி

பதில்: ஒரு ஜோடிக்காகச் சுவரை ஓட்டை போட வேண்டியதில்லை. கட்டிலுக்கு அடியில் இரண்டு மரக்கட்டை போட்டு, அதன் மேல் படுக்கை வசமாக வையுங்கள். மேலே பெட்டி, பை எதையும் ஏற்றாதீர்கள். மழை மாதங்களில் வாரம் ஒரு நாள் வெளியே எடுத்து விளிம்பைத் துடைத்து வையுங்கள்.