பூவின் மேல் எழுதிய கவிதைகள்: கேள்வி பதில்

ஜப்பானியக் கவிதைச் சுருள்களைப் பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: கவிதையை எழுதிவிட்டுச் சுற்றிலும் பூ வரைவார்களா ஐயா?

பதில்: இல்லை, பூதான் முதலில். 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கியோத்தோவில் ஓவியர் தவாராயா சொதாத்சு பொன்தூளையும் வெள்ளித்தூளையும் பசையில் குழைத்து வரைந்தார். அதன்மேல் எழுத்துக் கலைஞர் ஹொன்அமி கொயெத்சு (1558–1637) மையால் எழுதினார். தோக்கியோ ஹதகெயாமா அருங்காட்சியகத்துச் சுருளில் மூங்கில், பிளம், அசேலியா, படர்கொடி என்று பருவங்கள் நகர்கின்றன. எழுதியிருப்பவை கோகின்ஷூ என்னும் பழைய ஜப்பானியத் தொகுப்பின் கவிதைகள். வரிக்கு வரி படம் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

கேள்வி: மை பூவை மறைத்துவிடாதா?

பதில்: மறைக்கும், ஆங்காங்கே. கொயெத்சு அதற்குத் தயங்கியவர் அல்லர். ஒரு வரி மேலே தொடங்கினால் அடுத்தது சற்றுக் கீழே தொடங்கும். ஓர் எழுத்து கொழுத்து நிற்கும், அடுத்தது நூலாக இழையும். அந்த இடைவெளிகளில்தான் கிளையும் இலையும் மூச்சு விடுகின்றன. 31 அசைக் கவிதையை நேர்கோட்டில் அடுக்கியிருந்தால் பூவுக்கு இடமே இருந்திருக்காது.

கேள்வி: படத்தில் சில இடங்கள் கறுத்திருக்கின்றனவே, அழுக்கா?

பதில்: வெள்ளி. காற்றிலுள்ள கந்தகம் பட்டுக் கொலுசு கறுப்பதுபோலவே கறுத்திருக்கிறது. பொன் அப்படியே இருக்கிறது. ஆகவே நாம் இன்று காண்பது சொதாத்சு கண்ட ஒளி அன்று.

கேள்வி: எழுதும்போது பிழை வந்தால்?

பதில்: அழிக்க வழியில்லை. கியோத்தோ தேசிய அருங்காட்சியகத்தில், பூவுக்குப் பதில் கொக்குகள் பறக்கும் சுருள் ஒன்று உண்டு. நீளம் சுமார் 13.5 மீட்டர், 36 கவிஞர்கள். முதல் கவிஞர் காக்கினோமொத்தோ நோ ஹிதோமாரோவின் பெயரிலேயே கொயெத்சு ஓர் எழுத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் சிறிதாகச் செருகியிருக்கிறார். சுருளை வீணென்று யாரும் தூக்கி எறியவில்லை. எனக்கு அந்தச் சிறு எழுத்தின் மேல் தனிப் பிரியம்.

கேள்வி: கொயெத்சு எழுத்துக் கலைஞர் மட்டும்தானா?

பதில்: குடும்பத் தொழில் வாள் தீட்டுவதும் மதிப்பிடுவதும். தேநீர்க் கிண்ணமும் வனைந்தார். 1615இல் ஜப்பானின் ஆட்சியைக் கையில் வைத்திருந்த தோகுகாவா இயெயாசு அவருக்குக் கியோத்தோவின் வடபுறத்துத் தகாகமினேயில் நிலம் கொடுத்தார்.

கேள்வி: ஜப்பானிய மொழி தெரியாத நான் எதைப் பார்ப்பது?

பதில்: எழுத்தோடு எழுத்தைச் சேர்த்து இழுத்தெழுதும் இந்தப் பழைய முறையை இன்றைய ஜப்பானியர் பலராலும் படிக்க முடியாது, கவலை வேண்டாம். வலப்பக்கம் தொடங்கி மேலிருந்து கீழாகத் தூரிகையைப் பின்தொடருங்கள். மை அடர்ந்திருக்கும் இடத்தில் அப்போதுதான் தோய்த்திருக்கிறார்; வெளிறிக்கொண்டே போனால் தூரிகை வறள்கிறது. அந்த ஏற்ற இறக்கம் பூவின் எந்த இதழில் விழுகிறது என்று பாருங்கள்.

கேள்வி: எல்லாச் சுருள்களும் முழுதாக இருக்கின்றனவா?

பதில்: எங்கே! தாமரை வரைந்த சுருளில் பெரும்பகுதி 1923 கான்டோ நிலநடுக்கத்தில் அழிந்தது. மான்கள் வரைந்த சுருளை மனிதர்களே வெட்டிப் பிரித்தார்கள். நீண்ட பகுதி சியாட்டில் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, மற்றவை ஜப்பானில் பல கைகளில் சிதறிக் கிடக்கின்றன. நிலநடுக்கத்தையாவது மன்னிக்கலாம்.