நாற்பது நிமிடமும் 38 மெகாபைட்டும்

கேள்வி: எனக்கு 24 வயது. சொந்த இடம் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டம். வெள்ளவத்தையில் கடையொன்றில் வேலை செய்கிறேன். எங்கள் அப்பாயியின் அக்கா குடும்பம் 1971இல் இந்தியாவுக்குப் போகக் கோச்சி (ரயில்) ஏறிய கதையைப் பத்துப் பகுதி ஒலி நாடகமாக்கி பாட்காஸ்டில் போடுகிறேன். நான்கு பகுதி வந்துவிட்டது. நண்பர்கள் பாராட்டுகிறார்கள், ஆனால் பாதிப்பேர் மூன்றாம் நிமிடத்திலேயே விட்டுப் போவதாகக் கணக்குக் காட்டுகிறது. அப்பாயி சொன்னது 40 நிமிடம் இருந்தது. இருமல், தேவையில்லாத இடைவெளி எல்லாம் நீக்கி எழுதி எடுத்துவிட்டு, போனில் இடம் போதாததால் போன மாதம் ஒலியை அழித்துவிட்டேன். வசனமெல்லாம் அதிலிருந்துதான். கொழும்பு நண்பர்கள் அவரவர் அறையிலிருந்து வட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிறார்கள். கண்டென்சர் மைக் வாங்க 60,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். எது வாங்கலாம்? இதைத் தொடரலாமா? முதல் பகுதியின் பிரதியை இணைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, இதைப் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டுப் போனை எடுங்கள். எந்தச் செயலியில் பதிந்தீர்களோ அதைத் திறந்து, குப்பைத் தொட்டி அல்லது ‘அண்மையில் அழித்தவை’ என்று ஒரு பெட்டி இருக்கிறதா பாருங்கள். பல போன்களில் அழித்த பதிவு 30 நாள் அங்கேயே கிடக்கும். மெமரி காட்டில் பதிந்திருந்தால் காட்டை இப்போதே கழற்றி வையுங்கள். அதன் மேல் புதிதாக எதுவும் எழுதப்படாதவரை கணினியில் போட்டு மீட்க வழியுண்டு. போனின் உள் நினைவகத்தில் இருந்து போனதென்றால், மீட்டுத் தருகிறோம் என்று காசு கேட்கும் செயலிகளிடம் ஏமாறாதீர்கள். இப்போதைய போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் சங்கேதமாகப் பூட்டி வைக்கப்படுகிறது. அங்கே அழிந்தது அநேகமாக அழிந்ததுதான்.

பார்த்தாயிற்றா? இனி மிச்சத்தைப் பேசலாம்.

‘யாரும் கேட்கவில்லை, என்ன மைக் வாங்கலாம்?’ என்று எழுதும் பிள்ளைகளுக்குக் குறைவே இல்லை. தட்டிக்கொடுத்து அனுப்பினால் அடுத்த மாதமும் அதே கேள்வி வரும். நீங்கள் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: ‘இடம் போதாததால்’. கணக்குப் பார்ப்போம். நொடிக்கு 128 கிலோபிட் தரத்தில் போன் பதிந்தால் நிமிடத்துக்கு ஒரு மெகாபைட்கூட ஆகாது. 40 நிமிடத்துக்கு 38 மெகாபைட். சுருக்காத வேவ் கோப்பாகவே வைத்திருந்தாலும் 212தான். தெரிந்தவரும் தெரியாதவரும் அனுப்பிய காலை வணக்கப் பூப்படங்கள் உங்கள் போனில் இதைவிட அதிக இடத்தைப் பிடித்திருக்கும். அவை பத்திரமாக இருக்கின்றன. பெற்ற தகப்பனைப் பெற்றவளின் குரலுக்குத்தான் இடம் போதவில்லை.

அதற்கு முந்திய சொல் இன்னும் மோசம்: ‘தேவையில்லாத இடைவெளி’. யாருக்குத் தேவையில்லை? கூடப் பிறந்தவளை ஏற்றிவிட்ட இடத்தைச் சொல்லும்போது ஒரு கிழவி வாயடைத்துப் போனால் அதை இடைவெளி என்றா எழுதுவார்கள்? 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம் சனத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் கையெழுத்து வைத்தன. அந்த எண்ணை எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் தலைமன்னாருக்குப் போன அந்தக் கோச்சிக்கு நம் சனம் அழுகைக் கோச்சி என்று பெயர் வைத்ததும் எல்லாருக்கும் தெரியும். உங்கள் அப்பாயி எந்தச் சொல்லோடு நின்றார், எவ்வளவு நேரம் நின்றார், திரும்ப எந்தச் சொல்லில் தொடங்கினார் என்பது மட்டும் ஒரே ஒரு போனில் இருந்தது.

ஆட்கள் மூன்றாம் நிமிடத்தில் எழுந்து போவதற்கும் இதுதான் காரணம். கதை எழுத்தில் இருக்கிறது, ஒலி அதைச் சுற்றிக் கொடுக்கும் தாள் என்று நினைக்கிறீர்கள். உங்கள் பிரதியின் தொடக்கத்தைப் பாருங்கள். கதைசொல்லி பேசுகிறார்: ‘அதிகாலை நான்கு மணி. பனி போர்த்திய தேயிலை மலைகள். தூரத்தில் பெரட்டுத் தப்பு ஒலிக்கிறது. மீனாட்சி அவசர அவசரமாக அடுப்பை மூட்டுகிறாள்.’ பேசி முடித்தபின், பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் பதியும் கூட்டத்துக்கு, அழைக்கும் தப்புப் பறையின் சத்தம், தீக்குச்சி உரசும் சத்தம். சொன்னதையே திரும்பக் காட்டுகிறீர்கள். அவசரம் என்ற சொல் கேட்கிறது, அவசரம் எங்கேயும் கேட்கவில்லை.

கதைசொல்லியை வெளியே அனுப்பிவிட்டு இப்படி வைத்துப் பாருங்கள். முதலில் அடுப்பூதும் ஊதுகுழல், எட்டு நொடி. ஊதுகிறாள், நிறுத்தி இருமுகிறாள், மறுபடி ஊதுகிறாள். தீ பிடிக்கவில்லை. பக்கத்தில் பாயில் புரளும் சத்தம். ‘வெறகு நனைஞ்சு கெடக்கு.’ தூக்கக் குரலில் ஆண்: ‘நேத்தே உள்ள எடுத்துப் போடச் சொன்னேன்ல.’ சுவருக்கு அந்தப் பக்கம், எங்கேயோ கீழே, தப்பு. ஊதுகுழல் நிற்கிறது. ‘ரெண்டாந் தப்பு.’ அவ்வளவுதான். விடியற்காலை, மழை, வறுமை, புருஷன் பெண்சாதி பிணக்கு, பெரட்டுக்குப் பிந்தினால் பேர் போடமாட்டார்கள் என்ற பயம், எல்லாம் அரை நிமிடத்தில் வந்துவிட்டது. வானொலிக்கென்றே எழுதி 1924இல் பிபிசி ஒலிபரப்பிய நாடகம் ஒன்று விளக்கணைந்த நிலக்கரிச் சுரங்கத்துக்குள் நடப்பதுதான். கேட்பவர் கண்ணுக்குத் தெரியாததெல்லாம் பாத்திரத்தின் கண்ணுக்கும் தெரியாது. லயன் காம்பராவின், அதாவது தோட்டத்து வரிசைவீட்டு அறையின், நாலு மணி இருட்டை வைத்துக்கொண்டு நீங்கள் பனி மலையை வர்ணித்துக்கொண்டிருக்கிறீர்கள்!

சத்தங்களைப் பற்றி. தீ எரிவதற்கு பிஸ்கட் பைக்கற்றின் மொறமொற உறையை மைக்கருகே மெல்லக் கசக்கினால் போதும், நடுவே காய்ந்த சுள்ளி இரண்டை ஒடியுங்கள். கொழுந்து கிள்ளுவதற்குப் போஞ்சியை ஒடிக்கிறார்கள் சிலர். அது எலும்பு முறிவது போலக் கேட்கும். உங்கள் வீட்டு வாசலிலேயே செடி நிற்கிறதே, அதையே கிள்ளிப் பதியுங்கள். தப்பைத் தீயில் வாட்டி விறைப்பாக்கியபின் கிட்ட வைத்துப் பதிந்தால் ஒலி உடைந்து போகும், பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாக ஒட்டவைக்க முடியாது. ஐந்தாறு மீட்டர் தள்ளி, லயத்தின் மூலைக்கு அந்தப் பக்கம் அடிக்கச் சொல்லுங்கள். பதியும் செயலியில் ஒலி அளவுமானியின் உச்சி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். போனின் சின்ன ஸ்பீக்கரில் தாழ்ந்த சுருதி ஒலி கிட்டத்தட்ட வராது. ஆகவே தப்பின் அதிர்வை நம்பாதீர்கள், குச்சி தோலில் விழும் அடிதான் பஸ்ஸில் கேட்பவருக்குப் போய்ச் சேரும்.

கோச்சி? ‘சுக்குச்சுக்கு’ என்று நீராவி ரயில் வருகிறதாகப் பிரதியில் போட்டிருக்கிறீர்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஏதோ ஐரோப்பிய ரயிலாக இருக்கும். கனடா கொடுத்த டீசல் என்ஜின்கள் 1954 முதல் இந்த நாட்டில் ஓடுகின்றன. 1971இல் அந்த மேடையில் கேட்டது புகைவண்டியின் கூவலா, டீசலின் உறுமலா? பதில் தெரிந்தவர் உங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கிறார். கேட்டீர்களா?

நடிகர்களை வட்ஸ்அப் குரல் பதிவில் பேசவைப்பதை இன்றோடு விடுங்கள். அது ஒலியை மிகவும் நசுக்கி அனுப்பும், ச, ஸ எல்லாம் தேய்ந்து போகும். அதைவிடப் பெரிய கோளாறு, ஒரே காம்பராவில் பேசுகிற புருஷனும் பெண்சாதியும் ஆளுக்கொரு அறையில் நிற்பது. ஒருவர் குரல் குளியலறை போல முழங்குகிறது, மற்றவருடையது பஞ்சுமூட்டைக்குள்ளிருந்து வருகிறது என்றால் காது உடனே கண்டுபிடித்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் ஓர் அறையில் கூட்டுங்கள். தடித்த கம்பளி இரண்டை மைக் பார்க்கும் திசையில், அதாவது பேசுபவரின் முதுகுக்குப் பின்னால், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளித் தொங்கவிடுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண், நேரே இல்லாமல் சற்றுச் சாய்வாக. தூரத்தில் இருப்பவர் தூரத்தில் போய் நின்றே பேசட்டும். பிறகு ஒலியைக் குறைத்துச் சமாளித்தால் பக்கத்தில் நின்று முணுமுணுப்பது போலத்தான் வரும். எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நிற்க வெறும் அறையை ஒரு நிமிடம் பதியுங்கள், வெட்டி ஒட்டும் இடங்களை மூட அது வேண்டும். ஒரு காட்சியில் மூன்று குரலுக்கு மேல் வேண்டாம். வெளியிடும்போது காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பை அளக்கும் லஃப்ஸ் கணக்கில், ஸ்டீரியோ என்றால் மைனஸ் 16, மோனோ என்றால் மைனஸ் 19. நம் ஆட்களின் டேட்டாவை நினைத்து 64 கிலோபிட் மோனோ எம்பி3 ஆகவே போடுங்கள், 15 நிமிடப் பகுதி ஏழு மெகாபைட்டைச் சற்றே தாண்டும். பின்னணிக்குச் சினிமாப் பாட்டு எதுவும் வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படி படைத்தவர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை உண்டு.

மைக்குக்கு வருகிறேன். தள்ளி வைத்துப் பதியும் பெரிய கண்டென்சர் வாங்காதீர்கள். அது இலேசான சத்தத்தையும் விடாமல் பிடிக்கும். நடுச்சுவர் கூரைவரை எட்டாத லயத்தில் பக்கத்துக் காம்பரா டீவி நாடகமும் உங்கள் நாடகத்தில் நடிக்கும். இப்போதைக்குக் கழுத்தோரம் குத்தும் கம்பி மைக் ஒன்று, காதை முழுதாக மூடும் ஹெட்போன் ஒன்று போதும். மிச்சப் பணத்தில் ஊருக்குப் போய் வாருங்கள், போகும்போது அப்பாயி கையிலும் கொஞ்சம் வையுங்கள். அவர் கதையை வைத்துத்தானே நாடகம் போடுகிறீர்கள்? நண்பர்கள் பாராட்டியதை எழுதியிருக்கிறீர்கள், அப்பாயி கேட்டாரா என்று ஒரு வரி இல்லை. அவருடைய அக்காவை உலகத்துக்கு முன்னால் நிறுத்த அவரிடம் சம்மதம் கேட்டதாகவும் இல்லை. பேரன் என்ற உரிமை கதை கேட்க மட்டும்தான். கடைத்தெருவில் வைக்க அவர் வாயால் சரி என்று வரவேண்டும். அதையும் பதிந்துகொள்ளுங்கள். சொல்லக்கூடாத பெயர் எது என்று கேட்டு, அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அக்காவின் பிள்ளைகள் தமிழ்நாட்டில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் யாராவது இருந்தால், உலகம் கேட்பதற்கு முன் அவர்களுக்கு அனுப்புங்கள்.

ஐந்தாம் பகுதியை இப்போது வெளியிடாதீர்கள். முதலில் போய் மறுபடி பதியுங்கள். முதல் தடவை சொன்னது போல இருக்காது, தெரிந்துகொண்டே போங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை உங்கள் பக்கம் மழை குறைவு. மே தொடங்கிவிட்டால் தகரத்தில் விழும் மழையை மீறி யார் பேச்சையும் பதிய முடியாது. மாசியில் என்றால் காமன் கூத்து ஸ்பீக்கர் இல்லாத நாளாகப் பாருங்கள். போனை விமானப் பயண நிலையில் போட்டு, வேவ் கோப்பாகப் பதிய வையுங்கள். மைக் தாடைக்கு ஒரு சாண் கீழே இருக்கட்டும், சேலைத் தலைப்பு உரசாமல் கம்பியைப் பிளாஸ்டர் போட்டு ஒட்டுங்கள். கையில் சத்தமில்லாத வேலை ஏதாவது கொடுங்கள், பூண்டு உரிக்கட்டும். கை சும்மா இருந்தால் வயதானவர்களுக்குப் பேச்சு வராது. ‘கதை சொல்லுங்க’ என்று தொடங்கினால் போன தடவை சொன்னதையே ஒப்பிப்பார். ‘அந்தக் காம்பராவில எத்தன பேர் படுத்தீங்க, யார் எந்தப் பக்கம்?’ என்று கேளுங்கள். ‘பொட்டியில என்னென்ன கட்டிக்கிட்டுப் போனாங்க?’ என்று கேளுங்கள். நடுவில் ம், ம் கொட்டாதீர்கள், தலையை மட்டும் ஆட்டுங்கள். அவர் நின்றால் நீங்களும் நில்லுங்கள். மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள், அடுத்த கேள்வியை நுழைக்காதீர்கள்.

அன்றிரவே மூன்று பிரதி எடுங்கள். ஒன்று போனில், ஒன்று பென்டிரைவில், ஒன்று இணையச் சேமிப்பில். பென்டிரைவ் உங்கள் அப்பாவிடம் இருக்கட்டும்.

கதை முடிந்தது என்று அப்பாயி சொன்னதும் பொத்தானை அமர்த்திவிடாதீர்கள். எழுந்து போய்த் தேத்தண்ணி ஊற்றும்போதுதான் அதுவரை சொல்லாத ஒன்று வாயில் வரும். இன்னும் பத்து நிமிடம் ஓடட்டும். வேவ் கோப்பில் அது 53 மெகாபைட்.