மோட்டார் ஓடும்போது மட்டும் மோட்பஸ் தொடர்பு அறுவது ஏன்?

டர்பனுக்கு அருகிலுள்ள சர்க்கரை ஆலையில் ஆறு டிரைவ்களை (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகள்) மோட்பஸ் ஆர்டியூ என்ற தொடர்பு நெறிமுறை வழியே பிஎல்சியுடன் (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) இணைத்திருக்கும் நீங்கள், மோட்டார்கள் ஓடத் தொடங்கியதும் தொடர்பு அறுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்கும்போது சீராக இருப்பதால் டிரைவ்களின் முகவரியும் பாட் வேகமும் (தரவு அனுப்பும் வேகம்) சரியே. ஐயம் முதலில் கேபிளின் மீதே விழ வேண்டும். டிரைவ் தன் வெளியீட்டு மின்னழுத்தத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டித் தருவதால், மோட்டார் கேபிளோடு ஒரே கேபிள் தட்டில் செல்லும் ஆர்எஸ்-485 கேபிளில் (மோட்பஸ் செய்திகளைக் கொண்டுசெல்லும் கேபிள்) மின் இரைச்சல் ஏறுகிறது. அதைத் தனித் தட்டுக்கு மாற்றி, கிளை விடாமல் டிரைவிலிருந்து டிரைவுக்குத் தொடராக இழுத்து, இரு முனைகளில் மட்டும் 120 ஓம் மின்தடை வையுங்கள். ஆறிலும் வைத்துவிடுவது நான் அடிக்கடி காணும் பிழை. இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்கிறேன்: தொடர்பு அறுந்தால் கரும்பு கன்வேயரின் டிரைவ் நிற்குமா, கடைசி வேகத்திலேயே ஓடுமா என்பதை, அருகில் ஆட்கள் வேலை செய்வதை எண்ணி, இன்றே அதன் அமைப்புகளில் சரிபாருங்கள்.