ஈறு நோய்க்குச் சிகிச்சை எடுத்தால் கொலஸ்ட்ரால் குறையுமா?

ஈறைச் சுத்தம் செய்துகொண்டால் கொலஸ்ட்ரால் மாத்திரையை விட்டுவிடலாமா என்று காட்பாடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள்.

ஆனால் தொடர்பு இருக்கிறது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடுக்கு 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம் என்றால் சரி. அதற்கு மேல் ஆழமானால் கிருமிகள் குடியேறிவிடும். அவற்றின் நஞ்சு ரத்தத்தில் கலந்து அழற்சியைக் கிளப்ப, கல்லீரல் டிரைகிளிசரைடு என்ற ஒரு வகைக் கொழுப்பைக் கூடுதலாக வெளியே தள்ளும். பல்லின் வேர்வரை காரையைச் சுரண்டி எடுத்தால் அழற்சி தணியும். கொழுப்பு சிலருக்குக் கொஞ்சம் இறங்கும், சிலருக்கு அசையவே அசையாது. சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் வருவதுதான் இதைவிடத் தெளிவான பலன்.

பிரஷ்ஷில் ரத்தம் தெரிந்தால் பல் டாக்டரிடம் காட்டுங்கள். (வாராவாரம் ஆம்பூர் பிரியாணி என்றால் அதையும் மறைக்காதீர்கள்!) அப்புறம், சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்து வெறும் வயிற்றில் லிப்பிட் டெஸ்ட் (ரத்தக் கொழுப்புப் பரிசோதனை) எடுத்து, பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.