வீடு அண்ணன் பெயரில், பணம் இருவருடையது

கேள்வி: லண்டன் ஹாரோவில் 2012இல் அண்ணன் பெயரில் வீடு வாங்கினோம். எனக்கு நிரந்தர விசா இல்லாததால், "விசா வரட்டும், உன் பெயரையும் சேர்ப்போம்" என்றார். டெபாசிட்டில் 20,000 பவுண்ட் என்னுடையது. மோர்ட்கேஜ் தவணையிலும் பாதி கொடுத்தேன். அண்ணன் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். வீடு முழுவதும் தனக்கே என்கிறார் அண்ணி. எழுத்தில் எதுவுமில்லை. வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் வாரிசாகக் கேட்காதீர்கள். மனைவி இருக்கும்போது இங்கிலாந்துச் சட்டத்தில் தம்பிக்குப் பங்கில்லை. "என் பங்கு அண்ணனின் சொத்தாகவே இருந்ததில்லை, எனக்காக வைத்திருந்தார்" என்பதுதான் உங்கள் வாதம். இதுதான் கன்ஸ்ட்ரக்டிவ் டிரஸ்ட். 1925ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டத்தின் 53(2) பிரிவுப்படி இதற்கு எழுத்து தேவையில்லை.

நிரூபிக்க வேண்டியவை இரண்டு: வீடு இருவருக்கும் என்ற பொது எண்ணம்; அதை நம்பி நீங்கள் பணம் போட்டது. அண்ணன் சொன்ன விசா சாக்கு உங்களுக்குச் சாதகம். பங்கே தராத எண்ணமிருந்தால் சாக்கு எதற்கு? 1986ஆம் ஆண்டு கிராண்ட் எதிர் எட்வர்ட்ஸ் வழக்கில் நீதிமன்றம் இப்படித்தான் பார்த்தது. எப்போது, யார் முன்னிலையில் சொன்னார் என்பதை இப்போதே எழுதிவையுங்கள். மறுத்துப் பேச அண்ணன் இல்லாததால், உங்கள் வாய்ச்சொல்லை மட்டும் நீதிபதி எளிதில் ஏற்கமாட்டார். வாட்ஸ்அப், மின்னஞ்சல், குடும்பத்துக்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும்.

பணத்தின் தடம் இன்னும் முக்கியம். உங்கள் கணக்கிலிருந்து டெபாசிட் போன வங்கி அறிக்கையை உடனே கேளுங்கள். பழைய பதிவுகளை வங்கிகள் என்றென்றும் வைத்திருப்பதில்லை. சீட்டு எடுத்த காசைக் கையில் கொடுத்திருந்தால், சீட்டுக் கொப்பியும் நடத்தியவரின் சாட்சியமும் தேவை. மாதத் தவணையை 'வாடகை' என்று குறிப்பிட்டு அனுப்பியிருந்தால் அண்ணியின் வக்கீல் விடமாட்டார்.

பல வழக்குகளைக் கவிழ்ப்பது வேறு: வாங்கும்போது மோர்ட்கேஜ் வங்கிக்காக, "இது அன்பளிப்பு, வீட்டில் எனக்கு உரிமையில்லை" என்று கையெழுத்திட்ட கடிதம். இட்டீர்களா? சொலிசிட்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு எடுத்து நீட்டும்போது தெரியவந்தால் உங்கள் மற்றச் சாட்சியத்தையும் யாரும் நம்பமாட்டார்கள்.

சரிபாதி உறுதியென்று நினைக்காதீர்கள். 2011ஆம் ஆண்டு ஜோன்ஸ் எதிர் கெர்னாட் தீர்ப்புக்குப் பின், எவ்வளவு பங்கு என்று இருவருக்குள் பேச்சே இல்லாவிட்டால், மொத்தக் கொடுக்கல் வாங்கலையும் பார்த்து நியாயமான பங்கை நீதிமன்றமே தீர்மானிக்கும்.

இதற்கெல்லாம் முன்பாக, நிலப் பதிவகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் ஆர்எக்ஸ்1 படிவத்தில், வீட்டு விற்பனையைக் கட்டுப்படுத்தும் பதிவான ஏ வகை ரெஸ்ட்ரிக்‌ஷனுக்கு விண்ணப்பியுங்கள். அண்ணி வீட்டை விற்றுவிட்டால், வாங்கியவரிடம் உங்கள் பங்கைக் கேட்பது மிகக் கடினம்.